மாப்பிள்ளையின் மூச்சு

எங்கள் கோழிப்பண்ணையில் ஓடுகிற நாலு சக்கர வண்டிக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது நான்தான். அகலமான டயர்கள், பைக்கில் இருப்பது போன்ற ஹேண்டில், பின்னால் ஒரு சின்ன டிரெய்லர். மேடு, பள்ளம், சேறு எதுவானாலும் ஏறி இறங்கிவிடும். அது வந்த நாளிலிருந்து என் மாமனார் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். வெயில் பட்டால் தார்ப்பாய், மழை தூறினால் கொட்டகை, வேலை முடிந்ததும் துடைக்கத் தனியாக ஒரு மெத்தென்ற துணி. அந்த எரிச்சலில் வைத்த பெயர் அது. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. "மாப்பிள்ளைக்கு பெட்ரோல் போட்டாச்சா?" என்று மாமனார் சிரித்துக்கொண்டே கேட்பார். கேலி செய்கிறோம் என்பதுகூடப் புரியாதவர்களைக் கேலி செய்து என்ன பயன்?

அந்த மாப்பிள்ளையை ஓட்டுகிறவள் மருமகளான நான்.

ஓட்டுவது என்றால் ஊர் சுற்றுவது இல்லை. கோழிக் கொட்டகைத் தரையில் மரத்தூள் பரப்பியிருப்போம். கோழிகள் மாதக்கணக்கில் அதன் மேல் எச்சமிடும். அது காய்ந்து, மிதிபட்டு, மாவாகிவிடும். ஒரு கொட்டகைக் கோழிகளை விற்றதும் அந்தக் குப்பையைச் சுரண்டி, டிரெய்லரில் ஏற்றி, வெளியே காத்திருக்கும் லாரிக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். மண்வெட்டியை வைத்ததுமே தூசி எழும்பும். எதிரே நிற்கிற ஆள் தெரியாது. கண் எரியும். இறகுத் துணுக்கு உதட்டில் ஒட்டும், நாக்கால் தள்ளினால் உள்ளே போகும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். நாலு முறை சோப்புப் போட்டுக் குளித்தாலும் சாப்பிடக் கை கொண்டுபோகும்போது அந்த வாடை முந்திக்கொண்டு வரும். எழுதும்போதே குமட்டுகிறது.

போன வருஷம் இருமல் பிடித்தது. விடவில்லை. மருந்துக்கடைச் சிரப்பெல்லாம் தீர்த்துவிட்டுக் கடைசியில் டாக்டரிடம் போனேன். அவர் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். "என்ன வேலைம்மா பண்றீங்க?" என்றார். சொன்னேன். "அந்தத் தூசிய இன்னும் கொஞ்ச நாள் இழுத்தீங்கன்னா இந்த இருமல் உங்களை விட்டுப் போகவே போகாது. நுரையீரல் தடிச்சுப் போயிடும். அப்புறம் மாத்திரை குடுத்துப் பிரயோஜனம் இல்ல. உடனே வேலைய மாத்துங்க" என்றார்.

வேலையை மாற்றுவது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. பண்ணையிலேயே முட்டை அறை இருக்கிறது. ஜன்னலில் வலை, மேலே மின்விசிறி, மெத்தை போட்ட ஒரு நாற்காலி. உட்கார்ந்தபடியே முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, நல்லது கெட்டது பிரித்துத் தட்டில் அடுக்க வேண்டும். அந்த நாற்காலியில் என் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். வீட்டில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர். செல்போனில் வீடியோ பார்த்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டவன். ஒரு முட்டையைப் பார்ப்பான், ஒரு வீடியோவைப் பார்ப்பான்.

மாமனாரிடம் கேட்டேன். "மாமா, கொஞ்ச நாளைக்கு நான் முட்டை ரூம் பாத்துக்கறேன். தம்பி வண்டி ஓட்டட்டும். டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு."

"அவனுக்கு தூசி ஒத்துக்காதும்மா" என்றார். சின்ன வயதிலிருந்தே தும்முவானாம்.

"எனக்கு மட்டும் ஒத்துக்குதா மாமா?"

"உனக்குப் பழகிடுச்சுல்ல. அடுத்த கொட்டகை ஒண்ணு முடியட்டும், பாக்கலாம்."

என் கணவர் முட்டை வேன் ஓட்டுகிறவர். அவரிடம் போய் அழுதேன். "அப்பாதான் பாக்கலாம்னு சொல்லிட்டாரே" என்றார், ஏதோ வரம் கிடைத்துவிட்டதைப் போல. அவர் வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது. கல்யாணமான புதிதில் அதை நல்ல குணம் என்று நினைத்தேன்.

என் அக்காதான் கைகொடுத்தாள். மரச்சாமான் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிற வேலை அவளுக்கு. அங்கே போடுகிற கெட்டி முகமூடியில் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். கிண்ணம் போல வெள்ளையாக, மூக்குக்கு மேல் தகடு வைத்தது. என்னை நாற்காலியில் உட்கார வைத்து, மாட்டிவிட்டு, தகட்டை அழுத்தி, என் இரண்டு கன்னத்திலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "மூச்சை இழு. ஓரத்துல காத்து வருதா?" என்று கேட்டாள். வரவில்லை என்றேன். "நல்லா இழுத்துப் பாத்துச் சொல்லுடி" என்று மறுபடியும் இழுக்கச் சொன்னாள். நான் மூச்சு விடுகிறேனா இல்லையா என்று ஒரு ஆள் பக்கத்தில் நின்று கவனித்து ரொம்ப நாளாகியிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த கொட்டகையை அதைப் போட்டுக்கொண்டு சமாளித்துவிடலாம், அப்புறம் முட்டை அறை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பெட்டியை அலமாரியில் வைத்தேன்.

இதற்கு நடுவில்தான் மாப்பிள்ளைக்கு இருமல் வந்தது.

ஏறும்போது இழுவை இல்லை, நீலமாகப் புகை வந்தது. மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தூசி உள்ளே போய் பிஸ்டனை அரம் போட்டு ராவியது போல ராவிவிட்டது, ஏர் பில்டர் சரியில்லை என்றார். விஞ்ஞானி பழைய காகித பில்டரைத் தட்டித் தட்டி மறுபடி மாட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாமனார் முற்றத்தில் நின்று, பிரித்துப் போட்ட எஞ்சினைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு இருமல் வந்தபோது துளசிச் சாறு குடி என்று சொன்ன மனிதர், மாப்பிள்ளைக்கு வந்ததும் பக்கத்து ஊர்ப் பெரிய பட்டறைக்கே ஏற்றி அனுப்பினார்.

எஞ்சின் சரியாகி வந்ததும் புது பில்டர் வாங்க ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கிளம்பினோம். மாமனார், விஞ்ஞானி, நான். ஓட்டுகிறவள் என்பதற்காக என்னை அழைத்துப் போகவில்லை. பழைய பில்டரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதற்காக.

கடைக்காரர் கவுண்டரில் மூன்று பில்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று காகிதம், மடிப்பு மடிப்பாக. ஒன்று சிவப்புப் பருத்தித் துணி, கம்பி வலை போட்டது. ஒன்று ஸ்பாஞ்ச், எண்ணெய் ஊற்றிப் பிசைந்து மாட்டுவது.

"காட்டன்தான்ப்பா பெஸ்ட்" என்றான் விஞ்ஞானி. "காத்து தாராளமா போகும். பிக்கப் எகிறும். சவுண்டே வேற மாதிரி இருக்கும்."

"பந்தயமா ஓட்டப் போறீங்க?" என்றார் கடைக்காரர். "எங்க ஓடுற வண்டி, முதல்ல அதைச் சொல்லுங்க."

"கோழிப்பண்ணை."

"கொட்டகைக்கு உள்ளயா, வெளியவா? உள்ளன்னா எவ்வளவு நேரம்?"

விஞ்ஞானிக்குத் தெரியவில்லை. மாமனாருக்கும் தெரியவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். "காலையில இறங்குனா இருட்டுற வரைக்கும். முக்கால்வாசி உள்ளதான்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமலே தலையாட்டிவிட்டு, "பழசைக் காட்டுங்க" என்றார்.

பையைப் பிரித்துக் கவுண்டரில் வைத்தேன். காகித மடிப்பெல்லாம் அடைத்துக்கொண்டு, ஈரத்தில் ஊறி, பழுப்பாக ஒரு கட்டியாகியிருந்தது. ஓரத்தில் இறகு நுழைந்து நின்றது. ஒரு மடிப்பை அவர் விரலால் பிரித்ததும் வாடை கிளம்பியது. விஞ்ஞானி வாசலுக்கே போய்விட்டான். மாமனார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, இத்தனையையும் உள்ள இழுத்திருக்கே. இத்தனை நாளா எப்படித்தான் மூச்சு விட்டுச்சோ பாவம்" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

பாவம் என்றார். என் காதால் கேட்டேன். அந்த பில்டர் இருப்பது வண்டி சீட்டுக்கு அடியில். அதற்கு மேல்தான் நான் உட்கார்கிறேன். அது இழுத்த காற்றைத்தான் நானும் இழுத்தேன், அது நின்ற பிறகும் இறங்கி மண்வெட்டியோடு இழுத்தேன். கவுண்டரில் கிடந்த அந்தக் கட்டியைப் பார்க்கப் பார்க்க என் நெஞ்சுக்குள்ளேயே எட்டிப் பார்த்ததைப் போல இருந்தது. இருமல் வந்தது. அடக்க முடியவில்லை. நான் இருமியபோது கடைக்காரர் புது பில்டர்களை எச்சில் படாமல் சட்டென்று தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"தண்ணி குடிம்மா" என்றார் மாமனார். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னார். காகிதம் இந்த ஈர வாடைக்குச் சீக்கிரம் நைந்துவிடும். காட்டன் காற்றை விடும், கூடவே மாவுத் தூசியையும் விட்டுவிடும். ஸ்பாஞ்ச்தான் சரி, எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கொட்டகை முடிந்ததும் கழுவி, காயவைத்து, மறுபடி எண்ணெய் போட வேண்டும். இறகை நிறுத்த மேலே ஒரு மெல்லிய உறையும் போட்டால் இன்னும் நல்லது, ஆனால் இந்த அளவுக்கு உறை இப்போது இல்லை, சொல்லி வரவழைக்க வேண்டும். "எஞ்சினுக்கு மூச்சுதாங்க உயிரு. அதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க" என்று முடித்தார்.

"பண்ணவே மாட்டோம்" என்றார் மாமனார். அவர் குரல் தழுதழுத்தது. சத்தியமாகத் தழுதழுத்தது.

வீட்டுக்கு வந்ததும் விஞ்ஞானி அடுக்களையில் புகுந்து, நான் காய்கறி கழுவுகிற பாத்திரத்தில் பில்டர் எண்ணெயை ஊற்றி, ஸ்பாஞ்சைப் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அலுங்காமல் பிசைந்தான். மாமனார் பக்கத்தில் நின்று, "அந்த மூலைய விட்டுட்ட பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாத்திரத்தின் பிசுக்கு எத்தனை தேய்த்தும் போகவில்லை. கடைசியில் தூக்கி எறிந்தேன்.

கொட்டகை காலி செய்கிற நாள் வந்தது. லாரி வாசலில் நின்றது. அலமாரியைத் திறந்தேன். முகமூடிப் பெட்டி இல்லை. துணிகளை வாரி வெளியே போட்டுத் தேடினேன், இல்லை.

"தம்பி, என் மாஸ்க் பெட்டியப் பாத்தியா?"

முட்டை அறையில் நாற்காலியைச் சுழற்றியபடி அவன் சிரித்தான். "வேலை முடியட்டும் அண்ணி, சொல்றேன். ஒரு சர்ப்ரைஸ்."

"விளையாடாத. டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும்."

"லாரிக்காரன் கத்துறாம்மா" என்று வாசலிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "ஒரு நாளைக்குத் துணியக் கட்டிக்கிட்டுப் போயேன். இவ்வளவு நாளும் அப்படித்தான போன?"

போனேன். ஏன் போனாய் என்று அக்கா பிறகு கேட்டாள். கூப்பிட்டால் எழுந்து போய்ப் பழகிய உடம்பு, போய்விட்டது.

துப்பட்டாவை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு, முதல் பாரத்தை ஏற்றிக் கிளம்பினேன். கொட்டகையின் நடுவிலேயே மாப்பிள்ளை முக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் ஏறவில்லை. கறுப்பாகப் புகையைக் கக்கியது. இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்தேன், உறுமிவிட்டு அணைந்தது. மறுபடியும் அப்படியே. காற்றுக்குத் தவிக்கிறது என்று எனக்கே தெரிந்தது, அந்தத் தவிப்பு எனக்குப் பழக்கமானதுதானே. சுற்றிலும் தூசி படியாமல் நின்றது. துப்பட்டாவுக்குள் இருமி இருமி அது ஈரமாகி மூக்கோடு ஒட்டிக்கொண்டது.

சீட்டைத் தூக்கி, காற்றுப் பெட்டியின் கிளிப்புகளைத் தட்டிவிட்டு மூடியை எடுத்தேன்.

உள்ளே ஸ்பாஞ்ச் பில்டரைச் சுற்றி வெள்ளையாக ஒரு சட்டை போட்டிருந்தது. ஒட்டுப் போட்ட சட்டை. கிண்ணம் கிண்ணமாக இருந்ததை வெட்டி, விரித்து, ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கி, நெருக்கமாகத் தையல் போட்டிருந்தான். ஒரு இடத்தில் மூக்குத் தகட்டைக்கூட எடுக்கவில்லை. அக்கா என் மூக்கில் வைத்து அழுத்திய அதே தகடு.

பெட்டி முழுவதையும் வெட்டியிருந்தான். எனக்கென்று ஒன்றே ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். கோபம் வரவில்லை, அருவருப்பு வந்தது. அந்தக் குப்பை மேல் வந்ததைவிடப் பெரிய அருவருப்பு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டியையும் பாரத்தையும் நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"என்னாச்சு, மாப்பிள்ளை நின்னுடுச்சா?" என்று மாமனார் பதறிக்கொண்டு வந்தார்.

நான் பில்டரை நீட்டினேன். விஞ்ஞானி எட்டிப் பார்த்தான். "லேயர் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு போல. அதான் காத்து போகல" என்றான்.

"இது என்னோடது."

"தெரியும் அண்ணி. உறை ஸ்டாக் இல்லன்னு சொன்னாருல்ல, அதான். நல்ல காரியத்துக்குத்தான போயிருக்கு. உங்களுக்குன்னா துணி கட்டிக்கலாம், வண்டிக்கு கட்ட முடியுமா?"

மாமனார் என்ன சொல்கிறார் என்று பார்த்தேன். "அதை அவுத்துட்டு ஸ்பாஞ்ச மட்டும் மாட்டு. மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். என்னிடம்தான் கேட்டார்.

"நீங்களே போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். அவர் கூப்பிட்டார். எழவில்லை. லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். எழவில்லை. வேறு வழியில்லாமல் விஞ்ஞானி அந்தச் சட்டையை அவிழ்த்துவிட்டு, ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு, வாயைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு உள்ளே போனான்.

நாலைந்து நடைதான். பாதிக் கொட்டகைகூடக் காலியாகவில்லை. வெளியே வந்து குனிந்து, இருமி, துப்பி, வாந்தி எடுத்தான். கண் சிவந்திருந்தது. மாமனார் ஓடிப்போய் அவன் முதுகைத் தடவினார். "ஐயோ என் ராஜா, எப்படி மூச்சு வாங்குது பாரு. இதுக்குள்ள மனுஷன் இருக்க முடியுமா?" என்று என்னையே பார்த்துக் கேட்டார். அந்தக் கேள்வி யாரைக் கேட்கிறது என்று அவருக்கு உறைக்கவே இல்லை. லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தானே கடைக்குக் கிளம்பினார். பொழுது சாய்வதற்குள் முகமூடி வந்துவிட்டது. ரப்பர் வைத்தது, இரண்டு பக்கமும் வட்ட பில்டர் மாட்டியது, இருப்பதிலேயே உசத்தி. மகன் கன்னத்தில் கை வைத்து அழுத்தி, "காத்து வருதாடா?" என்று கேட்டார்.

என் கணவர் அன்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெட்டுப்பட்ட துண்டுகளைக் கையில் புரட்டினார். "தம்பி தெரியாம பண்ணிட்டான்" என்றார். நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் லாரி மறுபடி வந்ததும் விஞ்ஞானி முகமூடியை மாட்டிக்கொண்டு போய், ஒரே ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து, வேர்க்கிறது, காதை அறுக்கிறது என்று கழற்றிவிட்டான். மாமனார் அதை எடுத்துக்கொண்டு என்னைத் தேடினார். வீட்டில் நான் இல்லை. முட்டை அறையில் இருந்தேன். மெத்தை போட்ட அந்த நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க என்னம்மா பண்ற? இந்தா, மாஸ்க்தான் வந்துடுச்சே. இனிமே உனக்கு என்ன கவலை? போட்டுக்கிட்டு வண்டிய எடு" என்றார்.

வாங்கி உள்பக்கத்தைப் பார்த்தேன். அவன் எச்சிலும் வேர்வையும் காயாமல் மினுங்கின. மேஜையின் ஓரத்தில் வைத்து, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"ஒரு வருஷமா இருமுனேன் மாமா. தம்பி அரை நாள்தான் இருமுனான். சாயங்காலமே மாஸ்க் வந்துடுச்சு. இந்த வீட்டுல தப்பான ஆளா இருமிக்கிட்டிருந்தேன்னு நேத்துதான் எனக்குப் புரிஞ்சுது."

"என்ன பேச்சு இது? இப்ப எழுந்திருக்கப் போறியா இல்லையா?"

"இல்ல."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். என் கணவர் வேனில் ஏற்ற வந்து, காலித் தட்டுகளோடு நின்றுகொண்டிருந்தார். "டேய், உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுடா" என்றார் மாமனார்.

என் கணவர் அப்பாவைப் பார்த்தார். மேஜை ஓரத்தில் கிடந்த அந்த ஈர முகமூடியைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, காலித் தட்டுகளை என் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு, நான் அடுக்கி முடித்த தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அந்த மனிதரிடம் இருந்த தைரியம் மொத்தமும் அவ்வளவுதான்.

"அப்ப மாப்பிள்ளைய யாரு ஓட்டறது?" என்றார் மாமனார். குரலில் நிஜமான பயம் இருந்தது.

நாற்காலி விஞ்ஞானியின் உயரத்துக்கு ஏற்றிவைத்திருந்தது. அடியில் இருந்த திருகைத் திருகி என் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, அடுத்த முட்டையை எடுத்தேன்.